தகடூர் வழி நடந்த ஔவையார்

சேலத்திலிருந்து வடக்கே தகடூர் நாட்டிற்குச் செல்ல இரண்டு கணவாய்கள் உள்ளன. மேற்கே தொப்பூர்க் கணவாய். அவ்வழி நேரே தருமபுரிக்குச் செல்லும். கிழக்கே மஞ்சவாடிக் கணவாய். அவ்வழி அரூரை அடையும். இரண்டிற்கும் நடுவே, எவ்வழியில் சென்றாலும் கண்ணை விட்டு அகலாது நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. ஏற்காடு என்றவுடன் நமக்கு ஏரியும் காப்பித் தோட்டங்களும் நினைவிற்கு வருகின்றன. ஆனால் காப்பி அம்மலைக்கு வந்து இருநூறு ஆண்டுகளே ஆயின. சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பார் 1820களில் கொணர்ந்து பயிரிட்டது அது. அதற்கு முன்பெல்லாம் நெல்லியும் மூங்கிலும் சந்தனமும் தாமே வளர்ந்த காடாக அம்மலை இருந்தது.

இம்மலைக்கு வடக்கே விரிந்த நாடே பண்டைய தகடூர். இன்றைய தருமபுரி என்று கொள்க. அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வாயிலை நாடி மலையடிப் பாதைகளில் நடந்து வந்த ஒரு பெண்ணின் வரலாற்றை இவ்விழா மலரில் எழுதக் காரணம் உண்டு. நம் முனிவர்களும் ஆர்யிகையரும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி, எஞ்சிய மாதங்களெல்லாம் வெறுங்காலுடன் நடப்பவர்கள். நடப்பவர்க்கு உணவளிப்பதும் உறைவிடம் அளிப்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த அறம். அவ்வறத்தைத் தமிழ்நாட்டில் மிகப் பழங்காலத்தில் செய்தவர்களுள் பெயர் தெரிந்த ஒருவன், இப்பெண்ணை ஆதரித்த அதே அதியமான்தான். அவனைப் பற்றி அறிய வேண்டுமாயின் முதலில் ஔவையாரை அறிய வேண்டும்.

ஔவையார் என்றதும் நம் பிள்ளைகள் ஆத்திசூடியை ஒப்பிப்பார்கள். பெரியவர்களுக்கு 1953இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த திரைப்படமும், அதில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் கைத்தடியுடன் நடந்து வந்த காட்சியும் கண்முன் நிற்கும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவையார் சோழர் காலத்தவர். தகடூர் ஔவையார் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர், சங்கப் புலவர். ஒரே பெயர் கொண்டமையால் மக்கள் நினைவில் எல்லாரும் ஒரே மூதாட்டியாகக் கலந்துவிட்டனர். சங்க ஔவையார் மூதாட்டியாக இருந்தார் என்பதற்குக் கூடச் சான்றில்லை. அவரை ஒளி பொருந்திய நெற்றியுடைய விறலியாக விளித்து, உம் நாட்டில் போர் செய்ய வல்லாரும் உளரோ என்று ஓர் அரசன் வினவுவதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு. அதனைக் கொண்டு அவர் இளம்பருவத்தினர் என்று கருதிய அறிஞரும் உளர்.

சங்கத் தொகை நூல்களில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவர்களுள் இத்துணைப் பாடல்கள் வேறு எவருக்கும் இல்லை. புறநானூற்றை 1894இல் முதன்முதலாக அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர். அவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்பொருட்டுக் கும்பகோணத்துச் சைன இல்லங்களுக்கு வந்து, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் நம் சமயச் செய்திகளைக் கேட்டறிந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

அப்பதிப்பின் அடிக்குறிப்புகளில் ஔவையார் பெயர் வரும் இடங்களை ஒருசேரப் பார்த்தால் ஒன்று புலப்படும். இன்னார் மகள் என்றோ, இன்னார் மனைவி என்றோ, இன்ன ஊரினர் என்றோ எங்கும் குறிப்பில்லை. பல புலவர்களுக்கு ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் அடையாக வரும். இவருக்கு எதுவும் இல்லை. ஔவை என்பது தாயைக் குறிக்கும் சொல். தவம் பூண்ட பெண்ணையும் குறிக்கும் என்று நிகண்டுகள் கூறும். இதனைக் கொண்டு அவரை நம் சமயத்தவர் என்று உரிமை கொண்டாடுவோர் நம்மிடையே உண்டு. அவ்வாறு கூறுதல் எனக்கு உடன்பாடன்று. அவர் பாடல்களில் கள்ளும் ஊனும் விருந்தாகப் பரிமாறப்படுகின்றன. வாளும் வேலும் புகழப்படுகின்றன. துறவற நெறி நின்ற ஒருவர் அவ்வாறு பாடியிரார். இல்லாத உறவைப் புனைவதினும், உள்ள உறவைச் சான்றோடு காட்டுவதே நமக்குப் பெருமை. அவ்வுறவு யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

அவருடைய வாழ்க்கை வழிநடையிலேயே கழிந்தது. பாணரும் விறலியரும் யாழையும் முழவையும் சுமந்து, வள்ளலை நாடி ஊர்விட்டு ஊர் நடந்த காலம் அது. ஔவையார் சில வேளைகளில் சுற்றத்தோடு நடந்தார். ஒருநாள் அன்றிப் பல நாள், பலரோடு சென்றாலும் அதியமான் முதல் நாள் காட்டிய அன்பையே காட்டுவான் என்று பாடியிருக்கிறார். சில வேளைகளில் தனித்தே நின்றார். ஒருமுறை அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். ஔவையார் அவனிடம் கெஞ்சவில்லை. வாயில் காவலனை அழைத்து, தம் இசைக்கருவிகளைச் சுருக்கிக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டதைக் கூறி, கோடரியுடன் காட்டிற்குள் செல்லும் தச்சன் மகனுக்கு மரம் கிடைப்பது போலத் தமக்கு எத்திசை சென்றாலும் சோறு கிடைக்கும் என்ற பொருள்படப் பாடினார். ஒரு பெண் அரண்மனை வாயிலில் நின்று, உலகம் பெரிது, யான் புறப்படுகிறேன் என்று சொல்லக்கூடிய துணிவு எங்கிருந்து வந்தது? காலில் இருந்து வந்தது என்றே கூறவேண்டும். நடக்கத் தெரிந்தவர்க்கு ஒரு வாயிலில் கட்டுண்டு கிடக்கும் தேவையில்லை.

வழிநடை அவர்க்கு எளிதாக இருந்தது என்று எண்ணுதல் கூடாது. அதியமான் வாயிலிலும், பின்னர் அவன் மகன் பொகுட்டெழினியின் வாயிலிலும், தடாரிப் பறையை இசைத்துக்கொண்டு நின்றதை அவர் பாடுகிறார். அப்பொழுது அவர் உடுத்திருந்த ஆடை நைந்து கிழிந்திருந்தது. அதனைக் களைந்து புத்தாடை தந்து உணவளித்தனர் என்பது பாடற்செய்தி. பகலெல்லாம் நடந்து, பசியோடு, கந்தல் உடையோடு அயலார் வாயிலில் நிற்கும் பெண்ணின் நிலை அவருக்குக் கேள்வியறிவன்று.

தமக்கு முன்னே நடந்த பெண்ணொருத்தியையும் அவர் மறக்கவில்லை. வெள்ளிவீதியார் என்னும் புலவர், பிரிந்த கணவனைத் தேடிக் காடும் ஊரும் கடந்து அலைந்தவர் என்பது வழக்கு. அகநானூற்றில் ஔவையார் பாடிய பாலைப் பாடல் ஒன்றில், தலைவனைப் பிரிந்த தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுச் செல்லத் துணிந்ததாகக் கூறுகிறாள். தமிழ் இலக்கியத்தில் ஒரு பெண் புலவர் மற்றொரு பெண் புலவரின் பெயரைச் சொல்லிப் பாடிய இடம் இது. அவர் பெயரைச் சொல்ல நேர்ந்த காரணமும் நடையே.

அவர் எவ்வளவு தொலைவு நடந்தார் என்பதைப் பாடல்களில் வரும் அரசர்களைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தென்கோடியில் நாஞ்சில் வள்ளுவனிடம் சென்றார். தகடூரிலிருந்து நாஞ்சில் நாடு நேர்கோட்டிலேயே 400 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. உடன் இருந்த விறலியர் கொல்லையில் பறித்த கீரைக்குத் துணையாகச் சிறிது அரிசி கேட்டார். அவனோ தன் தகுதியை எண்ணி ஒரு யானையைக் கொடுத்துவிட்டான். யானையை வைத்துக்கொண்டு கீரைக்கு என்ன செய்வது? கொடைக்கும் ஓர் அளவு வேண்டாவோ என்று அவர் பாடியதில் நகையும் உண்டு, நன்றியும் உண்டு. மற்றொரு சமயம், சேரமான் மாரிவெண்கோ, பாண்டியன் உக்கிரப்பெருவழுதி, சோழன் பெருநற்கிள்ளி ஆகிய மூவரும் பகையின்றி ஒருங்கிருந்த அவையில் அவர் நின்று வாழ்த்தினார். மூவேந்தரும் ஒன்றாக இருந்த அரிய காட்சியைக் கண்டு, நாடு அவர்களோடு செல்லாது, செய்த நல்வினையே துணையாகும் என்று அறிவுறுத்தினார். அப்பாடலைப் படிக்கும் சைனர் எவரும், இது நாம் நாளும் கேட்கும் அறவுரையாயிற்றே என்று ஒருகணம் நிற்பர்.

எனினும் அவர் நடந்தவற்றுள் எல்லாரும் அறிந்தது தூதுப் பயணமே. தொண்டைமான் தகடூர்மேல் படையெடுக்கக் கருதினான் என்றும், அதனைத் தடுக்க அதியமான் ஔவையாரைத் தூதாக அனுப்பினான் என்றும் கூறுவர். தகடூரிலிருந்து கச்சிக்கு இன்றைய நிலப்படத்தில் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரும். பாதையின் வளைவுகளைச் சேர்த்தால் 200ஐத் தாண்டும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும் பத்து நாட்கள். அக்கோடு செங்கத்திற்குச் சற்று வடக்கே சென்று, போளூர், ஆரணி, செய்யாறு ஆகிய ஊர்களை ஒட்டிக் கச்சியை அடைகிறது. நம்மில் பெரும்பாலோரின் மூதாதையர் ஊர்கள் இருக்கும் நிலப்பகுதி அதுதான். அவர் எந்த ஊரில் இரா தங்கினார், எவர் இல்லத்தில் உண்டார் என்பனவெல்லாம் பாடலில் இல்லை. அவர் சென்றடைந்ததும், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டியதும் மட்டுமே உள்ளன.

அங்கே வேல்களெல்லாம் நெய் பூசப்பெற்று, மாலையும் பீலியும் சூட்டப்பெற்று, வரிசையாக அழகுற நின்றன. ஔவையார் அவற்றைப் புகழ்ந்தார். தம் அரசனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று வருந்துவார் போலக் கூறினார். இதன் உட்பொருள் தொண்டைமானுக்கு விளங்காதிருக்குமோ? உன் படை போர் கண்டறியாதது. எங்கள் படைக்கோ ஓய்வே இல்லை. போர் தவிர்க்கப்பட்டது என்பது மரபு. பத்து நாள் நடந்து சென்று, பத்து அடிக்கும் குறைந்த ஒரு பாடலால் ஒரு படையை நிறுத்த முயன்ற பெண் அவர். அப்பாடலில் ஆயுதச் செருக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அத்தூதின் பயன் உயிர் காத்தல் என்பதையும் மறுத்தல் இயலாது.

நெல்லிக்கனியின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெருமலைப் பிளவில், ஏறுதற்கரிய உச்சியில் பெற்ற அருங்கனி. உண்டாரை நெடிது வாழச் செய்வது. அதன் ஆற்றலை வாய்திறந்து கூறாமல், தான் உண்ணாமல், அதனை ஔவையாருக்கு அளித்தான் அதியமான். அம்மலையின் பெயர் பாடலில் இல்லை. சேர்வராயன் மலைச் சரிவுகளில் இன்றும் காட்டு நெல்லி காய்க்கிறது. அவ்வளவே நாம் கூறக்கூடும். அரசன் ஒருவன் தன் வாழ்நாளைக் காட்டிலும் வழிநடக்கும் புலவரின் வாழ்நாளைப் பெரிதென மதித்தான் என்பதே அக்கனியின் சிறப்பு.

இனி, முன்னர்ச் சொன்ன உறவைக் கூறுகிறேன். 1981இல், திருக்கோயிலூர் அருகிலுள்ள சம்பை என்னும் ஊரில், ஒரு பாறைக் குகையில், தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த ஒரு வரியைக் கண்டனர். சத்தியபுத்திரன் என்ற பட்டம் பூண்ட அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளி இது என்பது அதன் செய்தி. பாளி என்பது துறவியர் உறையும் குகை. எழுத்தமைதி கொண்டு இக்கல்வெட்டு பொ.ஆ. 1ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என ஐராவதம் மகாதேவன் கணித்தார். பாறைக் குகைகளில் தங்கித் தவம் செய்த சமண முனிவர்களுக்காகவே அது அளிக்கப்பட்டது என்பது அறிஞர் பலரின் துணிபு.

தகடூரில் இருந்த அரசன் திருக்கோயிலூர்ப் பக்கத்தில் குகை அளித்தது எவ்வாறு? விடையை ஔவையார் முன்னரே பாடி வைத்திருக்கிறார். அதியமானின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொணர்ந்தவர் என்று கூறும் பாடலிலேயே, அவன் கோவலூரை வென்றதையும், அவ்வெற்றியைப் பரணர் பாடியதையும் குறிப்பிடுகிறார். கோவலூர் என்பது திருக்கோயிலூர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏட்டில் மட்டும் இருந்த ஒரு செய்திக்குக் கல் சான்று கூறிற்று. புறநானூறு வெறுங்கற்பனை என்று கூறிவந்தோர்க்கு இதனினும் தக்க விடை வேண்டா. பாட்டும் கல்லும் வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு கைகளால், ஒரே மனிதனைப் பற்றிக் கூறுகின்றன. பாட்டில் அவன் வழிநடைப் பெண்ணுக்கு உணவளிக்கிறான்; கல்லில் வழிநடைத் துறவியர்க்கு உறைவிடம் அளிக்கிறான்.

சத்தியபுத்திரன் என்ற பட்டமும் எண்ணத்தக்கது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் எல்லைக்கப்பால் ஆள்வோராகக் குறிக்கிறது. அவர் யாவர் என்பது குறித்து அறிஞரிடையே நெடுங்காலம் வழக்கு இருந்தது. சம்பைக் கல்வெட்டு அதியமான் மரபினரைச் சுட்டியது. அக்கட்டளையின் பொருள் என்ன என்று பாருங்கள். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம், மூலிகைகளை நடுதல், வழிகளில் கிணறு தோண்டுதல், மரம் வளர்த்தல். போரைப் பற்றிய சொல் ஒன்றும் அதில் இல்லை. அதியமான் மரபின் பெயர் கல்லில் முதன்முதல் வருமிடம் வழிநடப்போர்க்கு நிழலும் நீரும் அளிப்பது பற்றிய கட்டளையில்.

பின் வந்த சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஆகாரம், ஔடதம், உபகரணம், ஆவாசம் எனத் தானத்தை நான்காகப் பகுத்தார். அருங்கலச்செப்பைப் பயின்ற நம் இல்லத்தார்க்கு இது புதிதன்று. அதியமான் ஔவையார்க்குச் சோறளித்தான், நெல்லியளித்தான், சம்பையில் முனிவர்க்குப் பாளியளித்தான். அவன் சிராவகன் என்று கூற யான் துணியேன். போர்க்களத்தில் வாழ்ந்தவன் அவன். அகிம்சாணுவிரதம் பூண்டவன் அல்லன். ஆயினும் தன் கைக்கு எட்டிய தானங்களைச் செய்தான்.

அவன் முடிவும் போரிலேயே நேர்ந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் சில பாடல்கள் நீங்க மறைந்துபோயிற்று. அதியமான் மார்பில் வேல் பாய்ந்தது. அவ்வேல் பாணர்களின் உண்கலங்களையும் துளைத்து, இரப்போர் கைகளையும் ஊடுருவி, புலவர் நாவில் சென்று வீழ்ந்தது என்ற கருத்தில் ஔவையார் பாடிய கையறுநிலை தமிழில் உள்ள இரங்கற்பாக்களுள் தலையாயது. கள் சிறிதாயின் தமக்குத் தந்துவிடுவான், பெரிதாயின் தாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று அதில் அவர் நினைந்து அழுவதை நாம் கூச்சத்தோடு கடந்து செல்ல வேண்டியதில்லை. பகிர்ந்துண்ட கையின் நினைவு அது. அவனுக்கு நடுகல் எடுத்துப் படையலிட்டபோதும் ஒரு பாடல் பாடினார். காலையும் மாலையும் இல்லாது போகட்டும், என் வாழ்நாளும் இல்லாது போகட்டும் என்ற அளவிற்கு அவர் துயர் சென்றது. நெடுநாள் வாழச் செய்யும் கனியை உண்டவர், தந்தவனை இழந்த பின் வாழ்நாளையே வெறுத்தார்.

தகடூரில் நம் சமயம் அதனோடு முடிந்துவிடவில்லை. 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் ஆட்சியில் வணிகச் சகோதரர் இருவர் அங்கே ஒரு பசதி எழுப்பியதைக் கல்வெட்டு கூறுகிறது. அதன் பின்னர், அதியமான் வழியினன் என்று தன்னைக் கூறிக்கொண்ட விடுகாதழகிய பெருமாள் என்னும் தகடூர்த் தலைவன், போளூர் அருகே நாம் ஆண்டுதோறும் வழிபடச் செல்லும் திருமலையில் திருப்பணி செய்தான். சேர மரபினனான எழினி முற்காலத்தில் செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் சிதைந்திருக்கக் கண்டு, அவற்றைச் செப்பனிட்டு மலைமேல் எழுந்தருளச் செய்தான், மணியும் அளித்தான், நீர்க்கால்வாயும் அமைத்தான். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அக்கல்வெட்டு இன்றும் உள்ளது. தகடூரிலிருந்து கச்சிக்கு இழுத்த கோடு திருமலைக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது. அடுத்த முறை போளூரிலிருந்து திருமலைக்குச் செல்வோர், அக்கல்வெட்டின் முன் சற்று நின்று, எழினி என்ற பெயரையும் தகடூர் என்ற பெயரையும் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக.